வாளி வாத்தியாரும் இருபதாவது பிள்ளையும்

இந்தியாவிலேயே பெரிய குரல் யாருக்கு என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: வாளி வாத்தியாருக்கு. அவர் மரக்காணம் உப்பளத்து ஓரத்தில் நின்று 'அ' என்றால், எக்கியார்குப்பத்தில் வலை உலர்த்துகிறவர்கள் 'ஆ' என்பார்கள். பள்ளிக்கு மணி கிடையாது. ஒரு தகர வாளியைக் கவிழ்த்துப் பிரம்பால் நாலு தட்டு தட்டுவார். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்து பாடம் நடத்துவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே தற்காலிக வாத்தியார். ஒன்றாம் வகுப்பு எனக்கு, இரண்டாம் வகுப்பு அவருக்கு. நடுவில் சுவர் கிடையாது. அதனால் என் பிள்ளைகளும் நாள் முழுக்க அவர் பாடத்தைத்தான் படித்தன. தலைவலி தாங்காமல் திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டு மூன்று மனு போட்டிருந்தேன்.

ஒரு பங்குனி மாதத் திங்கட்கிழமை கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை டிப்டி இன்ஸ்பெக்டர் வருகிறார். நேரில் எண்ணும்போது இருபது பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளியை மூடிவிடுவார்கள். அடுத்த பள்ளி நாலு மைலுக்கு அப்பால். அந்த வெயிலில் எந்த ஆறு வயசுப் பிள்ளை நாலு மைல் நடக்கும்? படிப்பு அதோடு சரி. அன்றைக்கு வந்திருந்தவர்கள் ஏழு பேர்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மூடட்டும், திண்டிவனம்! இதை நான் வெளியே சொல்லவில்லை.

"ஏழு பேரா? போன வெள்ளிக்கெழம ஆறு. முன்னேற்றம்பா!" என்றார் வாளி வாத்தியார். ஆனால் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார்.

செவ்வாய்க்கிழமை வாளியோடு உப்பளத்துக்கே போய்விட்டார். உப்பு விளைகிற பருவம். தாய் தகப்பன் இரண்டு பேரும் வேலையில் இருப்பார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொள்வது மூத்த பிள்ளையின் பொறுப்பு. வரப்பில் நின்று வாளியைத் தட்டியவரிடம் செல்வியின் அம்மா கன்னியம்மா எகிறினாள். "செல்வி பள்ளிக்கூடம் வந்துட்டா பாப்பாவ யாரு பாத்துக்குவா? நீங்களா பாத்துக்குவீங்க?"

"நாந்தாம்மா பாத்துக்குவேன்! அனுப்பு!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தக் குரல் உப்பளம் முழுக்கக் கேட்டுவிட்டது.

புதன்கிழமை பதினாறு பிள்ளைகள் வந்தார்கள், கூடவே ஒன்பது கைக்குழந்தைகள். உத்தரம் முழுக்கப் புடவைத் தூளிகள். வாளி வாத்தியார் தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டி ஆட்டிக்கொண்டே பாடம் எடுத்தார். குழந்தைகள் தூங்க வேண்டுமே என்று மெதுவாகப் பேசிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

மத்தியானம் புதிதாக ஒரு விளையாட்டு. சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் பெரிய பெரிய கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு எழுத்து. அவர் எழுத்தைச் சொன்னதும் பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்குள் குதிக்க வேண்டும். ஒருத்தர்கூடக் குதிக்கவில்லை. கோட்டின்மேலேயே அடிமேல் அடி வைத்து நடந்தார்கள்.

"உள்ள குதிங்கடா!"

"இது உப்புப் பாத்தி சார்," என்றாள் செல்வி. "உள்ள கால வெச்சா உப்பு அழுக்காயிடும். அப்பா அடிப்பாரு."

வாளி வாத்தியார் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். "அப்போ வரப்புல நின்னே படிங்க" என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை இருபத்துமூன்று பேர் வரப்பிலேயே நடந்து எழுத்துகளைக் கரைத்துக் குடித்தார்கள். நான் திண்டிவனத்தை மறக்கப் பழகினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கடலுக்கு மேலே கருமேகம். மழை விழுந்தால் விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிடும். அவசரமாக வாரிக் குவித்து ஓலை போட்டு மூட வேண்டும். பெற்றவர்கள் செல்வியோடு சேர்த்து நாலு பிள்ளைகளைக் கையுதவிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் பளபளக்கும் பூட்ஸோடு உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்து ஒரு எட்டு வைத்ததும் வகுப்பே அலறியது. "ஐயா! பாத்தில கால வைக்காதீங்க!"

மனிதர் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். "எங்கய்யா பாத்தி?"

"ஈயன்னால நிக்கிறீங்க! பின்னாடி ஊவன்னா! ஓரமா வாங்கய்யா, ஏயன்னாவ மிதிக்காதீங்க!"

பிள்ளைகள் சொன்ன வழியே தள்ளாடித் தள்ளாடி வந்து நாற்காலியில் விழுந்தார். எழுத்துத் தேர்வு அதோடு முடிந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலைகளை எண்ணினார். பத்தொன்பது.

"தூளியில ஒம்போது இருக்குதுங்க ஐயா" என்றார் வாளி வாத்தியார்.

"வெளையாடறீங்களா? பத்தரைக்கு எனக்கு பஸ். அதுவரைக்கும்தான்."

வாளி வாத்தியார் வாசலுக்கு ஓடினார். வாளியைத் தட்டினார். "செல்வீ!" என்று கத்தினார். கடற்காற்று எதிரே அடித்தது, குரல் போய்ச் சேரவில்லை. மறுபடி கத்தினார். தொண்டை உடைந்து கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் ஓடினேன். குறுக்கே விழுந்து ஓடினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் பாத்தியில் கால் வைக்க எனக்கும் மனசு வரவில்லை, வரப்போடு சுற்றித்தான் ஓடினேன். செல்வி ஓலை தூக்கிக்கொண்டிருந்தாள்.

"மழ வருது சார், புள்ளைய விட மாட்டேன்!" என்றாள் கன்னியம்மா.

"அவள அனுப்பும்மா, அவளுக்குப் பதிலா நான் வந்து உப்பு வார்றேன்!"

செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து விழுந்தபோது இன்ஸ்பெக்டர் பையை எடுத்து எழுந்து நின்றிருந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். உட்கார்ந்து, 'இருபது' என்று எழுதினார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற உச்சிவேளையில் உப்பளத்துக்குப் போனேன். மழை இன்னும் இறங்கவில்லை. வாளி வாத்தியார் எனக்கு முன்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் நின்றார். இரண்டு பேருக்கும் உப்பு வாரும் பலகையைப் பிடிக்கத் தெரியவில்லை. உப்போடு சேற்றையும் சேர்த்து வாரினோம்.

"ஐயோ, ஒரே மண்ணு! இத எவன் சார் வாங்குவான்? கரையேறுங்க ரெண்டு பேரும்!" என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

வாளி வாத்தியார் பதில் சொல்லக் குரலில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த மனிதரை விட்டுவிட்டா போக நினைத்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.