ஏம்மா சத்தம் போடலை?

மனிதர்களில் சமரசக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எங்கே யாருக்கு அடிபட்டாலும், அடித்தவனுக்குக் கை வலிக்குமே என்று முதலில் ஓடிப்போய்த் தடவிக்கொடுக்கிற இனம். ஆலையில், ஆபீசில், குடியிருப்புச் சங்கத்தில், ஏன், உங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில்கூட இவரைப் பார்த்திருப்பீர்கள். தோளில் கை போடுவார், குரலைத் தாழ்த்துவார், தொண்டையைச் செருமுவார், "ரெண்டு பக்கமும் பாக்கணும்ல" என்று தலையைச் சாய்ப்பார், சாய்த்த தலையை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் நியாயமெல்லாம் பேசி முடித்து, அடிபட்டவரிடமே மன்னிப்பு வாங்கிக்கொண்டு போவார். தூக்கமும் நன்றாக வரும்.

நம்முடைய ஆள் ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் தொழிலாளர் பிரதிநிதி. ஆலை முழுக்க அவருக்குப் பெயரே 'சமரசம்'தான்.

முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். சம்மதம் என்றால் என்ன என்று அவருக்குக் கரைத்துக் குடித்த பாடம். ஓவர்டைமுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நிர்வாகம் சாதித்தபோது, தொழிலாளர் அதிகாரிக்கு முன்னால் மேசையைத் தட்டினாரே, அதைக் கேட்டிருக்க வேண்டும். "வேலை போயிடும்னு பயந்து தலையாட்டினா அது சம்மதமா சார்? வாயை மூடிட்டு நின்னா சரின்னு அர்த்தமா? போன வாரம் வந்தான்னா இந்த வாரமும் வரணும்னு சட்டமா?" அத்தனையும் சத்தியமான வார்த்தை. ஒரே ஒரு குறை. ஆண்பிள்ளையின் ஓவர்டைமுக்குப் பொருந்தும் இந்தச் சத்தியம் பெண்பிள்ளையின் உடம்புக்கும் பொருந்தும் என்று சமரசத்துக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பசைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் புகார் கொடுத்தாள். சூப்பர்வைசர் அவளைக் காகிதக் குடோனில் சுவரோரம் மறித்து இடுப்பில் கை போட்டான். தட்டிவிட்டாள். மறுபடி போட்டு முத்தம் கொடுத்தான். மறுபடி தட்டிவிட்டாள். யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வர, விட்டான். விசாரிக்க மூன்று பேர்: தலைவராகக் கணக்குப் பிரிவு மேடம், வெளியிலிருந்து ஒரு பெண் வக்கீல், தொழிலாளர் சார்பில் நம் சமரசம். குற்றம் என்று முடிவானால் அவன் வேலை போகும். 'தப்பாப் புரிஞ்சுகிட்டாங்க' என்று முடிவானால், திங்கட்கிழமை காலையில் அவள் அதே ஆளுக்குக் கீழே நின்று வேலை செய்ய வேண்டும்.

சவரம் செய்யும்போதே சமரசம் தீர்ப்பை எழுதிவிட்டார். பையனுக்கு இரண்டு குழந்தைகள். பெண்ணின் பெயரும் கெடக் கூடாது. புரிதல் கோளாறு என்று முடித்தால் எல்லோருக்கும் நல்லது. எல்லோரிலும் அவள் இருக்கிறாளா என்று யோசிப்பதற்குள் சவரம் முடிந்துவிட்டது.

"என் கூடப்பொறந்தவளா நினைச்சுக் கேக்கறேன்," என்று தொடங்கினார். இந்த இனம் உறவு கொண்டாடினால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். "ஏம்மா சத்தம் போடலை?"

"தொண்டை அடைச்சிருச்சுண்ணே."

"மெஷின் ஓடுறப்பவே நாலு வரிசை தாண்டிக் கேக்குமே உன் குரல்."

"அது பசை வாளி கேக்குற குரல்."

"சரி விடு. முந்தின வாரம் மழையில அவன் பைக்ல போனியாமே? புடிச்சுதான போன?"

"பஸ் வரலை, போனேன். பின்னாடி கம்பியைப் புடிச்சுகிட்டுப் போனேன்."

கணக்கு மேடம் பேனாவைக் கடித்தார். வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், பைக்ல ஏறினா வீட்டுக்குப் போறதுக்குச் சம்மதம். அவ்வளவுதான். பாதி வழியில இறக்கிவிடுன்னு சொன்னா அந்தச் சம்மதமும் முடிஞ்சுபோச்சு. எவ்வளவு கத்தினாங்க, எவ்வளவு போராடினாங்கன்னு அளக்க வேண்டாம். பயமில்லாம, சொந்த மனசோட சரின்னாங்களா? அதைப் பாருங்க. இவங்க ஷிஃப்டு அந்தாள் கையில இருக்கு. அதையும் பாருங்க."

"சட்டம் சரிதாம்மா," என்று சமரசம் சிரித்தார். "பையனுக்கும் தெரியணும்ல? அவளுக்கு இஷ்டமில்லைன்னு தெரியாமலே செஞ்சிருந்தா?"

"நியாயமான கேள்வி. தெரிஞ்சே செஞ்சாரா, தெரிஞ்சுக்கணும்கிற கவலையே இல்லாம செஞ்சாரா, உண்மையிலேயே தெரியலையா, அதையும்தான் பாக்கணும். கூப்பிடுங்க, அவரையே கேப்போம்."

சமரசத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வழி கிடைத்துவிட்டது. சூப்பர்வைசர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தான். பரீட்சையில் விடையைச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் மாதிரி, சமரசம் 'இல்லை, இல்லை' என்று தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்:

"பதறாத தம்பி. அவ கையைத் தட்டிவிட்டது உனக்குத் தெரியவே இல்லைதான?"

தம்பிக்கு ரோஷம் வந்தது. அவன் கண்ணுக்குத் தப்பி அந்த ஆலையில் ஓர் அட்டை நகராது.

"தெரியாம என்னண்ணே? நல்லாவே தட்டிவிட்டா. ரெண்டு தடவை. பிகு பண்றான்னு நினைச்சேன். பொம்பளைங்க எடுத்த எடுப்புல சரின்னு சொல்லுவாங்களா?"

"அப்படியே எழுதிக்குங்க மேடம்," என்றார் வக்கீல்.

"தம்பி தமாஷ் பண்றான்," என்றார் சமரசம்.

"இல்லண்ணே, நெசமாத்தான் சொல்றேன்," என்றான் தம்பி.

தொட்டது உண்மை. அவள் சம்மதிக்காதது உண்மை. அது அவனுக்குத் தெரிந்ததும் உண்மை. இந்த மூன்றாவதை நிலைநாட்டத்தான் வக்கீல்கள் தண்ணீர் குடிப்பார்கள். சமரசம் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். பையன் திருந்த ஒரு வாய்ப்புத் தரலாம் என்று கடைசிவரை முனகிப் பார்த்தார். மற்ற இருவரும் குற்றம் என்றார்கள். அவன் வேலை போயிற்று. போலீசுக்குப் போவதென்றால் துணைக்கு வருகிறேன் என்று வக்கீல் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கேன்டீனில் பார்க்க வேண்டுமே. ஒரு கூட்டமே சமரசத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"எப்படி மாட்டினான்னு நினைச்சீங்க? நான் போட்ட தூண்டில். கேக்குற விதத்துல கேக்கணும்ல."

அவள் டீ கிளாசோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"என்னம்மா, அண்ணன் உன்னை விட்டுக்கொடுப்பேனா?"

"அண்ணே, இனிமே இந்த மாதிரி புகாரை விசாரிக்க நீங்க வரக் கூடாதுன்னு மேடத்துகிட்ட சொல்லிட்டு வர்றேன். பசைப் பிரிவு மொத்தமும் அதைத்தான் சொல்லுது."

"யாரு தூண்டிவிட்டது?"

"யாருமில்ல. ஒவ்வொருத்தரையாக் கேட்டோம். சரின்னாங்க."

மேடமும் சரியென்றார். ஆக, குழுவில் ஒரு நாற்காலி காலி.

இருங்கள். அன்றைக்கு அவள் குடோனுக்கு எதற்குப் போனாள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்துக்குள் ஒருத்தி நடந்து போனதற்குக் காரணம் வேண்டியதில்லை என்று விட்டுவிட்டேன். படித்துக்கொண்டு வந்தபோது எங்கேயாவது, ஒரு வரியிலாவது, 'அங்க தனியா எதுக்குப் போனா?' என்று உங்கள் மனதுக்குள் ஒரு குரல் தொண்டையைச் செருமியதா?

கூச்சப்படாதீர்கள். மனுப் போடுங்கள். நாற்காலி உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும்.