மேற்குப் பக்கத்து ஜன்னல்

ராஜமேரியின் இடது தோளில் பொத்தென்று ஒரு பல்லி விழுந்தது. விழுந்தது அசையவில்லை. செத்துப்போய்த்தான் விழுந்திருந்தது.

"ஐயோ மாதாவே!" என்று அவள் போட்ட சத்தத்தில், கோயில் முகப்புக்குக் கீழே இருபத்தைந்தடி மூங்கிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் சின்னப்பராஜ் தடுமாறினான். மூங்கில் ஆடியது. அதன் நுனியில் கட்டியிருந்த தென்னைநார் பிரஷ், போன மாசம்தான் வெள்ளையடித்த சுவரில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு இழுத்துவிட்டு நின்றது.

"பம்பைக் கழுவிட்டுத்தானே எடுத்தாந்தீங்க?"

"மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்டி. மருந்து வாசமே இல்லை."

"உங்க மூக்குக்கு இல்லை. பல்லிக்கு இருந்திருக்குது."

அவள் சொன்னதில் தப்பில்லை. பொம்மிடியைச் சுற்றியிருக்கிற மாந்தோப்புகளில் பதினைந்து வருஷமாக மருந்தடிக்கிறவன் சின்னப்பராஜ். நீள மூங்கிலில் ரப்பர் ஓஸைக் கட்டி, கீழே ஒருத்தன் கைபம்பை முன்னும் பின்னும் ஆட்ட, இவன் மரத்தடியில் நின்று அண்ணாந்து பீய்ச்சுவான். பாதி மருந்து பூவுக்கு, பாதி இவன் மூஞ்சிக்கு. மூக்கு செத்து ரொம்ப நாளாச்சு. பூண்டுக்கும் மல்லிகைக்கும் வித்தியாசம் கேட்டால் கண்ணால் பார்த்துத்தான் சொல்லுவான். தை மாசம் தர்மபுரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னொரு சீசன் மருந்தடிச்சீன்னா, அதுக்கடுத்த சீசனுக்கு நீ இருக்க மாட்டே" என்று பட்டென்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் வீடு வந்து சேருகிற வரை ராஜமேரி அழுத அழுகை இருக்கிறதே, கண்டக்டர் டிக்கெட் கேட்கவே பயந்துவிட்டான்.

வேறு வேலை வேண்டும். ஊரில் ஒரே ஒரு வேலைதான் காலியாக இருந்தது. மணியடித்து, மெழுகுவத்தி ஏற்றி, கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில்பிள்ளை வேலை. பழைய கோயில்பிள்ளை மகனோடு பெங்களூர் போய்விட்டார். மூன்று பேர் அதற்கு அடி போட்டார்கள். பங்குச்சாமியார் செபாஸ்டின் ஃபாதர் வந்து பத்து மாசம்தான் ஆகிறது. யாருக்குக் கொடுப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான், பிள்ளைகளுக்கு நெற்றியில் எண்ணெய் பூசி உறுதிபூசுதல் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை பிஷப் வருகிறார் என்று கடிதம் வந்தது. ஃபாதர் கோயிலைச் சுற்றிப் பார்த்தார். மேற்குப் பார்த்த வாசலுக்கு நேர் மேலே, ஆளுயர அகலத்தில் வட்டமான வண்ணக் கண்ணாடி ஜன்னல். எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சுச் சாமியார் கப்பலில் கொண்டுவந்து வைத்தது. உள்ளேயிருந்து பார்த்தால் தோசைக்கல் மாதிரி கருப்பாக இருந்தது. அதில் என்ன படம் என்று ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மாதா என்றார்கள் சிலர், செம்மறி ஆடு என்றார்கள் சிலர்.

"என்ன படம்னு எனக்கே பாக்கணும்போல இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த ஜன்னல் பளபளன்னு ஆச்சுன்னா, திங்கக்கிழமையிலேர்ந்து கோயில்பிள்ளை நீதான்" என்றார் சின்னப்பராஜிடம். "ஆகலைன்னா சேலத்துலேர்ந்து ஆளைக் கூப்பிட்டுக்குறேன். வேலையும் வேற ஆளுக்கு."

அவ்வளவு உயரத்துக்கு ஏணி கிடையாது. சாரம் கட்டினால் புதுச் சுண்ணாம்பு பெயரும். சின்னப்பராஜுக்கு மூளையில் பளிச்சென்றது. மாமர உச்சிக்குப் போகிற தண்ணி ஜன்னலுக்குப் போகாதா?

பம்பு அடிக்கச் சவுரியப்பனைக் கூப்பிட்டுக்கொண்டான். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவன், கோயிலுக்கு அடுத்த தெரு. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற ஆள். அவனே அன்றைக்கு வாய் திறந்து ஃபாதரிடம் ஒரு கேள்வி கேட்டது அதிசயம்தான்.

"சாமி, பிஷப்பு பூசை காலையிலீங்களா, சாயங்காலமுங்களா?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நான் வந்ததிலேர்ந்து இங்கே காலைப் பூசைதானே, அன்னைக்கு மட்டும் சாயங்காலம். ஏன் கேக்குறே?"

"ஒண்ணுமில்லீங்க. அப்போ வெளிப்பக்கம் மட்டும் கழுவுனா போதும்" என்று சொல்லிவிட்டுப் பம்புக் கைப்பிடியைப் பிடித்தான்.

பல்லி விழுந்தது புதன்கிழமை. பம்பை நாலாவது தடவையாகக் கழுவி, ஓஸையும் மாற்றி, மறுபடி அடித்தார்கள். மத்தியானம் வெயிலில் கண்ணாடி காய்ந்ததும் ஃபாதர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னய்யா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அழுக்காவது ஒரே சீராக இருந்தது. இது அதைவிடக் கேவலமாக இருந்தது.

சின்னப்பராஜுக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். சுத்தமான தண்ணி எப்படிக் கறை போடும்? வீட்டுக்குப் போய் ராஜமேரியின் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து வாசலில் வெயிலில் வைத்தான். போர்வெல் தண்ணி ஒரு சொட்டு, கிணற்றுத் தண்ணி ஒரு சொட்டு, பானைத் தண்ணி ஒரு சொட்டு விட்டு, பக்கத்திலேயே குந்திக்கொண்டான்.

"வேலை தேடச் சொன்னா, கண்ணாடி முன்னாடி குந்திக்கிட்டு இருக்காரு புதுமாப்பிள்ளை" என்றாள் ராஜமேரி.

"இங்க பாருடி. எல்லாம் காஞ்சு வெள்ளை வளையமா நிக்குது. போர்வெல் தண்ணிதான் பெரிய வளையம்!"

"இதை என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. தெனமும் வெந்நீர்ப் பானையில உப்பு சொரண்டுறவ நான்தானே?"

உப்பில்லாத தண்ணிக்கு எங்கே போவது? சித்திரை மாசத்தில் மழையை யார் கொண்டுவருவார்கள்? யோசித்து யோசித்து, பொம்மிடியில் லாரி பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிற கோவிந்தன் கடைக்குச் சைக்கிளை விட்டான். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணியில் ஒரு சொட்டு வாங்கிக் கண்ணாடியில் விட்டான். காய்ந்த இடமே தெரியவில்லை. சின்னப்பராஜ் கடை வாசலில் நின்று கைதட்டினான்.

"எந்த வண்டிக்குண்ணா பேட்டரி?" என்றார் கோவிந்தன்.

"கோயிலுக்கு."

கோவிந்தன் நாலு கேன் கொடுத்தார். காசை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தண்ணி சரியாயிற்று, கம்பு கெட்டுப்போயிற்று. இரண்டு நாள் நனைந்ததில் மூங்கில் தண்ணி குடித்துக் கனத்துவிட்டது. தூக்கிப் பிடித்தால் தோள் கழன்றது. நுனி வடக்கே போ என்றால் தெற்கே போனது. ஒரு தடவை மணிக்கூண்டுக் கயிற்றில் சிக்கி இழுத்ததில் டாங் டாங்கென்று மணி அடித்து, வயலில் இருந்த ஜனமெல்லாம் யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டது.

"கம்பு லேசா இருக்கணும்" என்று சின்னப்பராஜ் முடிவு கட்டினான். ஊரிலேயே லேசான நீளக் கம்பு மாரப்பன் வீட்டு டி.வி. ஆன்டெனாவைத் தாங்குகிற அலுமினியக் குழாய்தான். பெங்களூர் ஸ்டேஷன் புள்ளிபுள்ளியாகத் தெரிவதற்காக மாரப்பன் ஊரிலேயே உயரமாக நட்டது. காலில் விழாத குறையாகக் கேட்டு, சாயங்காலம் படம் தொடங்குவதற்குள் திருப்பித் தருகிறேன் என்று சத்தியம் பண்ணி வாங்கிவந்தான்.

குழாய் உள்ளே பொந்தாக இருந்ததால் ஓஸை உள்ளேயே விட்டான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. சவுரியப்பன் பம்பை ஆட்டினான். மூட்டு ஒழுகி, தண்ணி குழாய் வழியே இறங்கி, சின்னப்பராஜின் சட்டைக் கைக்குள் புகுந்து, அக்குள் வழியே வேட்டிக்குள் போயிற்று. அவன் நெளிந்தான். அவனோடு குழாயும் நெளிந்தது. அவன் நிமிர்ந்தான், குழாய் நிமிரவில்லை.

"ண்ணா, வளைஞ்சிடுச்சு" என்றான் சவுரியப்பன். அன்றைக்கு அவன் பேசியது அதுதான்.

சாயங்காலம் மாரப்பன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "பெங்களூரும் போச்சு, ஒரு எழவும் தெரியலை! டி.வி.ல சாரல் மழைதான் பெய்யுது! ஃபாதர், இவனுக்கு மட்டும் வேலை குடுத்தீங்க, நான் கோயில் பக்கமே வரமாட்டேன்!"

ஃபாதர் சின்னப்பராஜைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பாவமாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை சின்னப்பராஜ் ரயில்பாதை ஓரமாக நடந்துகொண்டிருந்தான். சேலத்து ஆளைக் கூப்பிட ஃபாதர் ஆள் அனுப்பிவிட்டாரோ என்று ஒரே யோசனை. நின்று மூச்சு வாங்கினான். இப்போதெல்லாம் அரை பர்லாங் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. இன்னொரு சீசன் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் நின்ற ஒரு கம்பில் கை வைத்தான். அது ரயில் கற்றாழை பூத்துக் காய்ந்த தண்டு. தள்ளினான், வேரோடு வந்துவிட்டது. ஒரு கையால் தூக்கினான், காற்று மாதிரி வந்தது. முட்டியில் வைத்து அழுத்தினான், வளையவில்லை.

"அட, நீ இங்கேயா இருந்தே!" என்று அதைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னான்.

இரண்டு தண்டை ஒட்டுப்போட்டுக் கட்டினான். நனையாமல் இருக்க எண்ணெய் தடவினான். தென்னைநாரை எடுத்துவிட்டு, நுனியில் சவுரியப்பனின் பழைய பெயிண்ட் பிரஷ்கள் நாலைச் சேர்த்துக் கட்டினான். சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. கண்ணாடி வெளியே பளபளவென்று சூரியனைக் காட்டியது. சுவரில் இருந்த கோட்டுக்கும் சவுரியப்பன் ஒரு கை வெள்ளை அடித்துவிட்டு, கம்பைநல்லூரில் அக்கா வீட்டு விசேஷம் என்று பஸ் ஏறிப்போனான்.

ஃபாதர் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். தோசைக்கல் அப்படியே இருந்தது.

"நாலு நாள் என்னய்யா கழுவினே?"

சின்னப்பராஜ் வெளியே ஓடிப்போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தான். ராஜமேரிதான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். "ஏங்க, வெளிப்பக்கம் போயிடுச்சு. அப்போ அழுக்கு உள்பக்கம்தானே இருக்கணும்?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஜன்னலுக்கு நேர் கீழே, உள்ளே, பாடகர் மாடி இருந்தது. ஆர்மோனியத்தைக் கீழே இறக்கியதிலிருந்து யாரும் ஏறுவதில்லை. ஃபாதர் சாவி கொடுத்தார். சின்னப்பராஜும் ராஜமேரியும் ஏறினார்கள். ஜன்னல் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது! விரலை வைத்து இழுத்தான். விரல் கருப்பாயிற்று, கண்ணாடியில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது.

"கம்பும் வேணாம், பம்பும் வேணாம்... அடப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"ஏங்க, இது வண்டிச் சக்கரம் மாதிரி வாசம் அடிக்குதே?" என்றாள் ராஜமேரி.

"மெழுகுவத்திப் புகைடி. எத்தனை வருஷத்துப் புகை! நீ மண்ணெண்ணெயைக் குடு."

துணியும் மண்ணெண்ணெயுமாக ஒரே மணி நேரம். மஞ்சள் கதிர்களுக்கு நடுவே சிறகை விரித்த வெள்ளைப் புறா வெளியே வந்தது. கீழே நின்ற ஃபாதர், "பரிசுத்த ஆவி! உறுதிபூசுதலுக்குன்னே வெச்ச மாதிரி!" என்று குதித்தே விட்டார். ராஜமேரி மாடியிலேயே முழங்கால் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கோயில் நிரம்பியது. வருகிறவர்களெல்லாம் திரும்பித் திரும்பிப் புறாவைப் பார்த்தார்கள். மாரப்பன்கூட வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பெங்களூரைவிடத் தெளிவாத்தான் இருக்குது" என்று ஒத்துக்கொண்டார்.

ஐந்தரைக்குப் பிஷப் பிரசங்கம் தொடங்கினார். நாற்பது நிமிஷம் பேசக்கூடியவர் என்று பேர். புறாவின் மஞ்சள் வெளிச்சம் பெண்களின் முக்காடுகள் மேல் நகர்ந்து, பீடத்துப் படியேறி, அவர் முகத்தில் போய் நின்றது. பிஷப் பேச்சை நிறுத்தினார். கண்ணை மூடினார். திறந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணி கொட்டியது.

"பிஷப்பு அழுவுறாரு!" என்றாள் முன்வரிசை வேளாங்கண்ணி. அடுத்த நிமிஷம் பெண்கள் பக்கம் முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். ஏழே நிமிஷத்தில் பிரசங்கம் முடிந்தது. இப்படி உருகின பிஷப்பை யாருமே பார்த்ததில்லை. கண்ணை மூடியபடியே பிள்ளைகளுக்கு எண்ணெய் பூசினார். வேளாங்கண்ணி மகளுக்கு நெற்றியில் பூச வேண்டியதை மூக்கில் பூசினார். அது தனி வரம் என்று வேளாங்கண்ணி இன்னும் சத்தமாக அழுதாள்.

செபாஸ்டின் ஃபாதருக்கும் கண் கலங்கிவிட்டது. தூணோரம் நின்ற சின்னப்பராஜிடம் வந்து காதோடு சொன்னார்: "எல்லாம் உன் ஜன்னல் பண்ணின வேலைப்பா. நாளைக்குக் காலையில மணி நீதான் அடிக்கிறே."

சின்னப்பராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனிமேல் மருந்து இல்லை. இனிமேல் ராஜமேரி பஸ்ஸில் அழ வேண்டாம். முழுசாக ஒரு மூச்சை இழுத்து விட்டான்.

அப்போது கம்பைநல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் பையோடு உள்ளே நுழைந்த சவுரியப்பன், மேலே புறாவைப் பார்த்தான். பீடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பிஷப்பைப் பார்த்தான். பையைக் கீழே போட்டுவிட்டு, சின்னப்பராஜுக்கும் ஃபாதருக்கும் நடுவில் தலையை நீட்டி, தன் ஆயுசிலேயே நீளமான பேச்சைப் பேசினான்:

"என்னாண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? முன்ன மாதிரி பீடத்தைப் பாக்காம, சனங்களைப் பாத்துப் பூசை வெக்கணும்னு மேலிடத்துல சொன்னதிலேர்ந்து, சாயங்கால வெயிலு கண்ணைப் பறிச்சுத் தண்ணியாக் கொட்டுதுன்னு பழைய ஃபாதரு சொல்லித்தானே, அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கமா நான் வண்டி மை பூசி வெச்சிருந்தேன்!"