மீட்டர் சுற்றாத வீடு

உலகத்தைக் காப்பாற்றுவதற்கென்றே பிறவி எடுத்த ஓர் இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், அவர்களால் பேசாமல் இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசம் வருகிற நேரம் பார்த்துத் துருவப் பனி உருகுகிற கதையை எடுத்துவிட்டு, தலைக்கு மேல் ஓடுகிற மின்விசிறியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டு, அதை நாம்தான் போட்டோம் என்பதுபோல நம்மையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்புறம் பாயசம் தொண்டையில் இறங்குமா?

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவர் தொண்ணூறுகளின் நடுவில் போத்தனூரில் குடியிருந்தார். பேராசிரியர் தங்கராஜ். கல்லூரியில் எடுப்பது பௌதிகம்; ஆராய்ச்சி செய்வது பூமி சூடாவதையும் அதில் வீட்டு மின்சாரத்தின் பங்கையும். அவர் சொன்னது தப்பா என்றால், சத்தியமாகத் தப்பில்லை. நிலக்கரி எரிகிறது, புகை மேலே போகிறது, பூமி சூடாகிறது. அத்தனையும் சரி. எப்போதும் சரியாகவே இருப்பவரோடு குடித்தனம் நடத்துவதுதான் பெரும்பாடு. அவர் மனைவி ரூத்தைக் கேட்டால் தெரியும்.

தங்கராஜ் தன் வீட்டையே ஆராய்ச்சிக்கூடமாக்கினார். ஃப்ரிஜ் போய் மண்பானை வந்தது. இஸ்திரிப்பெட்டி பரணில் ஏறியது. வீதிக்கு வீதி கிரைண்டர் செய்கிற கோயமுத்தூரில், அவர் வீட்டுக் கிரைண்டர் மட்டும் ஒரு மாணவனுக்குக் கல்யாணப் பரிசாகப் போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு ஆட்டுக்கல்லோடு ஒரு பழைய சைக்கிளைப் பிணைத்து, மிதித்தால் மாவு அரைபடும் யந்திரம் ஒன்றைத் தானே கண்டுபிடித்துக் கூடத்தில் நிறுத்தினார். இட்லி வேண்டுமா, மிதி. அவர் மிதித்தாரா? அவருக்கு முட்டிவலி. மகள் சாரா அதில் பாவாடை காயப்போட்டாள்.

ஆனாலும் பாருங்கள், ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது! மின்சாரச் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. காலையில் பூப்போல இட்லி, மத்தியானம் புளிக்காத தயிர், கல்லூரிக்குக் கிளம்பும்போது மடிப்புக் கலையாத சட்டை. இதெல்லாம் எங்கிருந்து வருகிறதென்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. துருவப் பனியைக் கவனிக்கிறவருக்குச் சட்டைக் காலரைக் கவனிக்க நேரமேது?

அது ஒட்டு வீடு. ஒரே மதிலுக்கு அந்தப்பக்கம் ஜபருல்லா குடும்பம். ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். இரண்டு வீட்டு மீட்டரும் வாசல் சுவரில் அருகருகே இருந்தன. தங்கராஜின் மீட்டரில் சக்கரம் தூங்கி வழியும். அடுத்ததில் பம்பரமாகச் சுற்றும். காலையில் அவர் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்.

“ஏனுங்க ஜபருல்லா, கரண்டைக் கொஞ்சம் பார்த்துச் செலவு பண்ணக் கூடாதுங்களா?”

“பண்ணலாமுங்க சார்” என்று ஜபருல்லா சிரித்தபடியே ஸ்கூட்டரை உதைப்பார். நல்ல மனுஷன்.

நீங்கள் ஊகித்திருப்பீர்கள். தங்கராஜ் கல்லூரி வாசலை மிதிக்கும்போது, ரூத் ஊறவைத்த அரிசியோடும் துவைத்த சட்டைகளோடும் சித்திகா வீட்டு வாசலை மிதித்திருப்பாள். சித்திகா ஜபருல்லாவின் மனைவி. ரூத்துக்கு அக்காவுக்கு அக்கா, கிரைண்டருக்குக் கிரைண்டர். பதிலுக்கு ரூத் தன் கால்மிதி மிஷினில் அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பேராசிரியர் சும்மா இருக்கவேண்டுமே! ‘ஒரு சிக்கன வீடும் ஓர் ஊதாரி வீடும்’ என்று இரண்டு மீட்டரையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதி, நிதி தருகிற இலாகாவுக்கு அனுப்பிவிட்டார். நேரில் பார்க்கக் கோவிந்தராஜுலு என்ற அதிகாரி சென்னையிலிருந்து வருவதாகப் பதில் வந்தது. அவர் தலையாட்டினால் வீதி முழுவதும் ‘மாதிரி வீதி’ ஆகும். முதலில் திருத்தப்படப் போவது ஊதாரி வீடு. தங்கராஜுக்குத் தரையில் கால் பாவவில்லை. ரூத் சித்திகாவிடம் ஓடினாள்.

“அக்கா, உங்க கிரைண்டரையும் புடுங்கிப்போட்டா நான் மாவுக்கு எங்க போவேனுங்க்கா?”

“வரட்டும் அம்மணி, பார்த்துக்கலாம்” என்றாள் சித்திகா. ஊதாரி என்ற வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது.

கோவிந்தராஜுலு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். மண்பானைத் தண்ணீரைக் குடித்தார். சைக்கிளை மிதித்துப் பார்த்தார். இட்லியை ஒரு கை பார்த்தார்.

“மாவு இதுல ஆட்டினதுங்களா?”

“பின்னே?” என்றார் தங்கராஜ். ரூத் சாம்பாரோடு அடுப்படிக்குள் நழுவினாள்.

அதிகாரி அதோடு கிளம்பியிருக்கலாம். “அந்த ஊதாரி வீட்டையும் ஒரு எட்டு பார்த்துடலாமே” என்றார்.

எல்லோரும் போனார்கள். ரூத்தும் வேறு வழியில்லாமல் பின்னால் போனாள். “உக்காருங்க, ஜில்லுனு மோர் கொண்டாறேனுங்க” என்று சித்திகா ஃப்ரிஜ்ஜை விரியத் திறந்தாள். நம் ஊரில் பேர் வெட்டாத எவர்சில்வர் பாத்திரம் உண்டா? மாவுப் போசியில் ‘தங்கராஜ் – ரூத்’. பால் தூக்கில் ‘தங்கராஜ் – ரூத்’. தயிர்ச் சட்டியிலும் அதே தம்பதி. கோவிந்தராஜுலு ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். அந்தப்பக்க மேஜையில் பேராசிரியரின் பேன்ட் பாதி இஸ்திரியில் படுத்திருந்தது.

“ரூத்! நம்ம போசி இங்க எப்படி வந்துச்சு?”

பதில் சித்திகாவிடமிருந்து வந்தது. “உங்க மாவு, உங்க பாலு, நீங்க போட்டிருக்கிற சட்டை, அத்தனையும் எங்க மீட்டர்லதான் ஓடுதுங்க சார். நாங்க ஊதாரிங்களா? எழுதறதுக்கு முந்தி ஒருவாட்டி உள்ள வந்து பார்த்திருக்கலாமல்லங்க?” கோபத்தில் ஆரம்பித்தவளுக்குக் கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

ரூத்துக்கும் அப்போதுதான் வாய் வந்தது. “உங்களுக்கு முட்டிவலின்னீங்க. எனக்கு வலிக்குமான்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?”

தங்கராஜ் மாவுப் போசியைத் திருப்பி, பேர் தெரியாதபடி வைத்தார்.

கோவிந்தராஜுலு மோரை ரசித்துக் குடித்து முடித்தார். “கரண்டு குறையலீங்க புரொபசர். மதில் தாண்டிப் போயிருக்குது, அவ்வளவுதான். பணக்கார நாட்டுக்காரங்களும் புகை விடற ஃபாக்டரிய நம்ம பக்கம் தள்ளிட்டு, நாங்க சுத்தம்னு கணக்குக் காட்டறாங்க. நீங்க அதை ஒரு கிரைண்டர்லயே சாதிச்சுட்டீங்க!” மாதிரி வீதி அன்றைக்கே செத்தது.

மனிதர் திருந்தினார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் அவமானப்படும், வருத்தப்படும், ஒரு வேளை சாப்பிடாமலும் கிடக்கும், திருந்தாது. மறுநாள் சர்ச்சிலிருந்து திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ரூத், ரெண்டு வீட்டு மாவையும் ஒரே ஈடா ஆட்டச் சொல்லு. தனித்தனியா ஓட்டினா வேஸ்ட்டு.”

அதிலும் ஓர் அறிக்கை தயாரானது: ‘இரு குடும்பம், ஒரு கிரைண்டர்’. யோசனை நல்ல யோசனைதான், மறுப்பதற்கில்லை. முகப்பில் ஆராய்ச்சியாளர் பெயர் ஒன்றே ஒன்று இருந்தது. அது ரூத்தும் இல்லை, சித்திகாவும் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று குளியலறை விளக்கை அணைக்காததற்கு யாரையாவது அதட்டினீர்களா? நான் எங்கேயும் நடந்தேதான் போவேன் என்று பெருமையடித்துவிட்டு, தூறல் விழுந்ததும் அடுத்தவர் வண்டியில் தொற்றிக்கொண்டீர்களா? எனக்கு அதிகத் தேவைகள் கிடையாது என்று நாலு பேர் நடுவில் சொல்கிற பழக்கம் உண்டா? நீங்களும் இந்த இனமோ என்று இலேசாகச் சந்தேகம் தட்டினால், தயவுசெய்து உங்கள் வீட்டில் விசாரிக்காதீர்கள். பாவம், பொய் சொல்லிவிடுவார்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள்.