வெள்ளரித் துண்டும் என் வைராக்கியமும்

அந்த இரண்டு கினிப்பன்றிகளுக்கும் என் கையால் ஒரு இலைகூடப் போடுவதில்லை என்று சபதம் செய்தேன். மைத்துனன் வெளியூருக்கு மாற்றலாகிப் போகும்போது கூண்டோடு எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனவை அவை. பெரியவன், சின்னவன் என்று பெயர். பேரில்தான் பன்றி, பார்த்தால் எலிக்குச் சொந்தம். பாக்கெட் தீனியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

"மிருக டாக்டரம்மா இதுங்களைப் பச்சைக் காய்க்குப் பழக்கச் சொல்றாங்க," என்றாள் மனைவி. "தினம் மதியம், ஒரே ஆளு, ஒரே நேரத்துல போடணுமாம். நான் மருந்துக்கடையில இருப்பேன். நீங்க போடக் கூடாதா?"

"உன் தம்பி வளர்த்தது. அவனையே வந்து போடச் சொல்லு."

"சரி," என்றாள்.

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் என் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. "இந்தத் தொப்பைக்கு இனிமே மதியம் பச்சைக் காய்தான்," என்று டப்பாவை நீட்டினாள். வெள்ளரி, சிவப்புக் குடைமிளகாய், கொத்தமல்லித் தழை. உப்பில்லை, எண்ணெயில்லை, இரக்கமுமில்லை.

கீழே என் மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. மதியம் மாடியேறி ஒரு வெள்ளரித் துண்டை மென்றேன். கூண்டைப் பார்த்தேன். கூண்டும் என்னைப் பார்த்தது. டப்பாவை அப்படியே உள்ளே கவிழ்த்தேன். இது தீனி போடுவதல்ல, தடயத்தை அழிப்பது என்று மனசாட்சிக்கு விளக்கம் சொன்னேன். சபதம் பத்திரமாக இருந்தது.

ஆனால் தடயம் அழியவில்லை. இரண்டும் மோந்து பார்த்துவிட்டு மூலைக்கு ஓடின. மீதியை மனைவி பார்த்தால் என் கதி என்ன? தரையில் உட்கார்ந்தேன். லென்ஸ் வெட்டுகிற கையால் குடைமிளகாயைப் பொடிப்பொடியாக நறுக்கினேன். "என் கண்ணுல்ல, ஒரு வாய்," என்று எலியின் சொந்தக்காரனிடம் கெஞ்சினேன். நாள் போகப் போகப் பெரியவன் வாங்கிக்கொண்டான். அவனைப் பார்த்துச் சின்னவனும். தினமும் அவை தின்று முடித்த பிறகுதான் நான் மூலைக்கடைக்குப் போய்ப் பொரித்த உருளைக்கிழங்கு சாப்பிட முடியும்.

ஒரு மாலை மனைவி டப்பாவைக் கழுவத் திறந்தாள். மூடிச் சத்தம் கேட்டதும் இரண்டும் கீச்கீச்சென்று கத்தின, என்னைப் பார்த்து.

"ஏன் உங்களைப் பார்த்துக் கத்துதுங்க?"

"முகராசி."

"இருக்கும்," என்றாள்.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது, எதுவும் வெளிப்பட்டுவிடக் கூடாதே என்று நானும் ஒட்டிக்கொண்டேன். அவர் பெரியவனைத் தராசில் வைத்தார். பல்லைப் பார்த்தார்.

"நல்லாப் பழக்கியிருக்கீங்க. இனிமே எந்த நேரத்துல போட்டாலும் தின்னும். யாரு இவ்வளவு பொறுமையா உட்கார்ந்து பழக்கினது?"

"இவர்தான், டாக்டரம்மா," என்றாள் என் மனைவி. "ஒருநாள் தவறினதில்லை."

படியிறங்கியதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாள் டப்பாவுல காய் போடும்போதே."

"அப்ப என் தொப்பை?"

"அது கல்யாணத்தன்னிக்கே இருந்ததுதானே? எங்கே நீங்களே எல்லாத்தையும் தின்னுடுவீங்களோன்னுதான் முதல்ல பயந்தேன். அப்புறம் உங்க மேல நம்பிக்கை வந்துருச்சு."

சுருக்கென்றது. மானமுள்ள மனிதனுக்கு ஒரே வழிதான் இருந்தது. மறுநாள் மதியம் டப்பா முழுவதையும் நானே தின்றேன். இரண்டும் கம்பியில் முன்னங்காலை வைத்துக் கத்தின. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதனால் திரும்பி உட்கார்ந்து தின்றேன்.

மாலையில் அவள் காலி டப்பாவைப் பார்த்தாள்.

"யாரு தின்னது?"

"நான்தான். ஒரு இலை விடலை. உன் தம்பி பிள்ளைங்க பட்டினி."

"அதுங்களுக்கு நான் காலையிலேயே வயிறு நிறையப் போட்டுட்டேனே. எந்த நேரமும் போடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? இன்னிக்கு டப்பா உங்களுக்குத்தான்."

சொல்லிக்கொண்டே நாளைக்கான வெள்ளரியைக் கழுவி எடுத்து வைத்தாள்.

"மறுபடியும் இதேவா?" என்றேன்.

"ஒரு மாசம் பொறுத்துக்குங்க. அதுங்களும் முதல்ல இப்படித்தான் முரண்டு பிடிச்சுதுங்க."