மாப்பிள்ளை, பலகையில் கறை இருந்தது

வடக்குப்பட்டு,
விஜயதசமி.

மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய மாப்பிள்ளை பிரசன்னா அவர்களுக்கு, மாமனார் நடேசன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை கனகமும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகள் பிரவீனாவும் சௌக்கியமாக இருக்க எங்கள் ஊர் மாரியம்மனை வேண்டுகிறேன். குறிப்பாக உங்கள் பிளட் பிரஷர் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று தோன்றும். போனில் சொன்னால் நீங்கள் கத்தமாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். 'ம்' என்பீர்கள். கல்யாணமாகி இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து நீங்கள் சொல்லிவரும் அந்த 'ம்' இருக்கிறதே, அதை இந்த விஷயத்தில் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. தவிர, ஒரகடத்தில் கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கெட்டுப்போன சாமானைப் பற்றி எழுத்தில் கொடுத்தே பழக்கம். விஷயம் உங்கள் டேஷ்போர்டைப் பற்றியது. வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய கார்கள் ஊர்வலத்தில் ஓட வேண்டிய உங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் முகப்பு மரப்பலகை, நீங்கள் கொடுத்த நிலையில் இப்போது இல்லை. எந்த நிலையிலும் இல்லை.

விநாயகர் சதுர்த்தி அன்று அதை ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டில் சுற்றி எடுத்து வந்தீர்களே, ஞாபகம் இருக்கும். "மாமா, இது அந்தக் காலத்து வால்நட் மரம். வார்னிஷ் வெடிச்சுப் போச்சு. நீங்க பெயிண்ட்ல பெரிய ஆளு. உங்களை விட்டா யாரும் இல்ல" என்றீர்கள். மாப்பிள்ளை, அதுவரை நமக்குள் நடந்த பேச்சு 'வண்டி எங்க நிறுத்தினீங்க', 'வெளியே மாமா' என்ற அளவுதான். நீங்கள் போன பிறகு 'உங்களை விட்டா யாரும் இல்ல' என்பதை உங்கள் அத்தையிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். "போதுங்க, பால்காரனுக்குக்கூடச் சொல்லியாச்சு" என்றாள். நான் நிஜமாகவே அவனுக்கும் சொல்லியிருந்தேன்.

முதலில் பழைய வார்னிஷை மருந்து போட்டு உரித்தேன். வாழைப்பழத் தோல் மாதிரி வந்தது. அதுவரை என் பேரில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. உரித்து முடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால், ஐயோ, பலகை முழுக்கக் கறை! சுழி சுழியாக, திட்டுத் திட்டாக, பழுப்பும் கறுப்புமாக. இடது பக்கத்தில் இருக்கும் கறை அப்படியே திரும்பி வலது பக்கத்திலும் இருக்கிறது. ஒரே கறை இரண்டு இடத்தில் வந்தால் அது மெஷின் செய்த தப்பு என்று எங்களுக்கு லைனில் பாடமே நடத்தியிருக்கிறார்கள். கார் கதவில் கொசு உட்கார்ந்த அடையாளம் இருந்தால்கூட அந்தக் கதவைத் திருப்பி அனுப்பிய ஆள் நான். என் மாப்பிள்ளை வண்டியில் இவ்வளவு கறையை விட்டுவைப்பேனா? உப்புத்தாளை எடுத்தேன். தேய்த்தேன். கறை ஆழமாக இருந்தது, இன்னும் முரட்டுத் தாளாக வாங்கி வந்து தேய்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் போகாமல் தேய்த்தேன். கடைசியில் ஒரு புள்ளிகூட இல்லாமல் ஒரே சீராக வெளிறிய நிறம் வந்தது, பாஸ் போடலாம் என்று எழுந்து நின்று பார்த்தபோதுதான் ஓரத்தைக் கவனித்தேன். அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. பிளைவுட்! நான் செய்தது தப்பு என்று அப்போதும் தோன்றவில்லை, மாப்பிள்ளை. சீமைக் கார் என்று சொல்லி உங்களை எவனோ நன்றாக ஏமாற்றிவிட்டான், இதை என் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கலங்கிப்போனேன்.

பக்கத்துத் தெருவில் கம்பெனிகளுக்குப் பேக்கிங் பெட்டி அடித்துக் கொடுக்கும் முனிரத்தினத்திடம் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவன் அதைத் தட்டிப் பார்த்தான், மோந்து பார்த்தான், பிறகு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். "இன்னா நடேசண்ணே, கறையைத் தேய்ச்சேன் கறையைத் தேய்ச்சேன்னு சொல்லிக்கினு கீற. அந்தக் கறைதாண்ணே வால்நட்டு!" என்றான். பிளைவுட் மேல் காகிதம்போல மெல்லிசாகச் சீவிய வால்நட் தோலை ஒட்டுவதுதான் அந்தக் கார்க்காரர்கள் வழக்கமாம். அந்தச் சுழிகளைத் தேடிப் பிடித்து இரண்டு பக்கமும் ஜோடி சேர்த்து ஒட்டுவார்களாம். அதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுமாம். நான் அதை முழுக்கத் தூளாக்கி வாயால் ஊதிவிட்டிருக்கிறேன். கொஞ்சம் மூக்கிலும் போயிருக்கிறது.

முனிரத்தினம்தான், "வுடுண்ணே, வாலாஜாபாத்ல பீரோ செஞ்ச தேக்குத் தோலு மிச்சம் கீது, ஒட்டிர்லாம்" என்று தைரியம் சொன்னான். ஒட்டப் போனால், நான் போட்ட மருந்தில் ஊறி உள்ளே இருந்த பிளைவுட் அப்பளமாக உப்பியிருந்தது. "இது தேறாது" என்று அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, ஏற்றுமதிப் பெட்டிக்கு வைத்திருந்த நல்ல பிளைவுட்டில் புதுசாக ஒன்று அறுத்து, அதன் மேல் அந்தத் தேக்குத் தோலை ஒட்டினான். ஆக, மாப்பிள்ளை, நீங்கள் கொடுத்ததில் இன்றைய தேதிக்கு மிச்சம் இருப்பது பெட்ஷீட். அதைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். அதற்கு ஒரு குறையும் இல்லை.

மீட்டர் வைக்கும் ஓட்டைகளின் அளவுதான் தெரியவில்லை, பழைய பலகையில் எல்லா ஓட்டையும் ஊறி வாய் பிளந்துவிட்டது. உங்கள் அத்தையின் சமையலறையில் இருந்து சொம்பு, காபி டம்ளர், சின்னக் கிண்ணம் மூன்றும் வந்தன. பெரிய மீட்டருக்குச் சொம்பு, சின்ன மீட்டருக்கு டம்ளர், சுவிட்சுக்குக் கிண்ணம் என்று கவிழ்த்துப் பென்சிலால் வட்டம் போட்டான். நான் ஒரு நிமிஷம் டீ வாங்கப் போன நேரத்தில் நடுவில் கூடுதலாக ஒரு ஓட்டையும் போட்டுவிட்டான். "இது எதுக்குடா?" என்று அலறினேன். "ஏசிக்குண்ணே. இந்த வெயில்ல ஏசி இல்லாத காரா?" என்றான். கூரையே இல்லாத காருக்கு ஏசி எதற்கு என்று கேட்டுவிட்டு, அவனுக்கு வாங்கிய டீயையும் நானே குடித்தேன்.

பிறகு மேலே பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் கோட். என்னோடு பெயிண்ட் ஷாப்பில் இருந்த திருமலை இப்போது வாலாஜாபாத் ரோட்டில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் வைத்திருக்கிறான். காய்ந்தால் கல்லாகிவிடும் சாமானாகப் பார்த்து அடிக்கச் சொன்னேன். கெட்டியாவதற்குச் சேர்க்கும் ஹார்டனரை அவன் கண் அளவில் ஊற்றினான், அதனால் பலகை மறுநாள் காலைவரை பிசுபிசுவென்றே இருந்தது. வெளியே டிப்பர் லாரி போகும்போதெல்லாம் ஷெட்டுக்குள் மண் மேகம் வருகிறது. இதை இங்கே விட்டால் கெட்டது குடி என்று, நானும் திருமலையும் மொபெட்டில் தாம்பாளம் ஏந்துவதுபோல ஏந்தி எடுத்து வந்து, எங்கள் வீட்டிலேயே தூசி இல்லாத ஒரே இடத்தில் வைத்தோம். அது பூஜை அறை. அன்று ஆயுத பூஜை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்காத மூளையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்திருக்கிறேன்.

ரிட்டயர் ஆனவர்களையும் மறக்காமல் கம்பெனியில் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போய் லைன் முன்னால் பூசணிக்காய் உடைத்ததைப் பார்த்து, பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்பினேன். வாசலில் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்திருந்தது. உள்ளே கிரைண்டருக்குப் பொட்டு, கேஸ் சிலிண்டருக்குப் பொட்டு, டிவிக்குப் பொட்டு, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் பொட்டு. அப்போதுதான் எனக்குப் பலகை ஞாபகம் வந்தது. பூஜை அறைக்கு ஓடினேன்.

மாப்பிள்ளை, உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள்? ஒவ்வொரு ஓட்டைக்கும் தலைமாட்டில் சந்தனம், அதன் மேல் குங்குமம். சாமான் வைக்கும் பெட்டிக் கதவுக்கென்று விட்டிருந்த இடத்தின் நேர் நடுவில் மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை. மேலே சாமந்திச் சரம். ஏசி ஓட்டையில் எலுமிச்சம்பழம். "கரெக்டா உக்காந்துச்சிங்க, அதுக்குன்னே வுட்டா மாதிரி கீது" என்றாள் உங்கள் அத்தை, பெருமையாக.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "இன்னாத்துக்கு இப்படி கத்துறீங்க? மாப்பிள்ளை வண்டி சாமான். ரோட்டுல ஓடப்போற வண்டி. கிரைண்டருக்குப் பொட்டு வச்சிட்டு இத்தை அம்போன்னு வுட்டா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டாள். சரத்தைத் தூக்கினேன், ஒரு இதழ் அங்கேயே தங்கிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன், துணி ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தால் நூல் நின்றுவிட்டது. தின்னரில் ஒரு பொட்டைத் தொட்டேன், அது கரைந்து மூக்கில் அடிபட்டவன் மாதிரி கீழே ஒழுகியது. அத்தோடு கையைக் கட்டிக்கொண்டேன். மத்தியானம் திருமலையின் ஹார்டனருக்கு ரோஷம் வந்து பலகை கல்லாக இறுகிவிட்டது. நகத்தால் சுரண்டினால் நகம்தான் போகிறது.

விவரம் புரிந்த பிறகு உங்கள் அத்தை பொரியைக்கூடத் தொடவில்லை. "அவரு இனிமே நம்ம வூட்டுக்கு வருவாராங்க?" என்று கேட்டாள். மாப்பிள்ளை, எனக்கும் அந்தக் கவலைதான். நீங்கள் முதல்முதலாக என்னை நம்பிக் கொடுத்த பொருள் இது. பலகை இல்லாமல் உங்கள் வண்டி பல் போன வாயோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே நிற்கப்போகிறது. பழக்க தோஷம், இன்று காலை பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விபூதிப் பட்டையில் அவளுடைய விரல் ரேகைகூடத் தெரிகிறது. லைனில் இருந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியிருப்பேன். இங்கே எனக்குக் கை வரவில்லை. பலகையை இத்துடன் அனுப்பவில்லை, அதை நீங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போங்கள். வாய்விட்டுத் திட்டுங்கள். 'ம்' மட்டும் வேண்டாம்.

உங்களுக்கும் பிரவீனாவுக்கும் சகல சௌபாக்கியங்களும் உண்டாகட்டும். வண்டிக்கும் உண்டாகட்டும்.

தலை குனிந்து நிற்கும் மாமனார்,
கு. நடேசன்

பி.கு.: கவரை ஒட்டிவிட்டு கூரியர் ஆபீசுக்குக் கிளம்பச் செருப்பு மாட்டும்போது பிரவீனா போன் செய்தாள். அடக்க முடியாமல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கிறாள்! "ஐயோ அப்பா, அது வண்டியில இருந்த பலகையே இல்லப்பா. இவரு பழைய சாமான் கடையில சும்மா கிடந்ததை எடுத்துட்டு வந்தாரு. வண்டிக்கு போர்டு மாட்டி ஆறு மாசம் ஆகுது. நீ ரிட்டயர் ஆனதிலேருந்து டிவியை மொறைச்சிக்கிட்டே உக்காந்திருக்கேன்னு அம்மா புலம்பிச்சு, நான்தான் இவருகிட்டச் சொன்னேன்" என்கிறாள். மாப்பிள்ளை! அழுகிற குழந்தை கையில் கிலுகிலுப்பை கொடுப்பது போலவா எனக்குப் பலகை கொடுத்தீர்கள்? மேலே நான் கேட்டிருக்கும் மன்னிப்புகள் அனைத்தையும் இதனால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தலையையும் நிமிர்த்திவிட்டேன்.

இதை எழுதிக் கவரை மறுபடி ஒட்டுவதற்குள் அவளே மறுபடி கூப்பிட்டாள். நான் கம்பெனியிலிருந்து வருவதற்கு முன்பே உங்கள் அத்தை பலகையைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டாளாம். "அதைப் பாத்ததிலேருந்து இவருக்கு ஒரே குஷிப்பா. இப்ப வண்டியில இருக்கற நல்ல போர்டைக் கழட்டிக்கிட்டு இருக்காரு. ஞாயித்துக்கிழமை அத்தை பொட்டு வச்ச பலகையோடதான் போவாராம். ஓட்டையெல்லாம் சரியா வருமான்னு மாமாகிட்டக் கேளுன்றாரு" என்கிறாள். இதைக் கேட்டு உங்கள் அத்தை அழுகிறாள், நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் மாப்பிள்ளை, கும்பிட்டுக் கேட்கிறேன், கழற்றாதீர்கள்! மேலே படித்தீர்கள் அல்லவா, அது சொம்பு, டம்ளர் அளவு! ஒரு மீட்டரும் உட்காராது! ஒருவேளை ஏற்கனவே கழற்றிவிட்டிருந்தால், அந்த நல்ல பலகையை வேறு எவனிடமும் கொடுத்துவிட வேண்டாம், நேரே இங்கே கொண்டு வாருங்கள், பெட்ஷீட் தயாராக இருக்கிறது. பிரவீனா இப்போது அனுப்பிய அந்த நல்ல பலகையின் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு கறை இருக்கிறது. இது நிஜமாகவே கறைதான்.