ஆடிட் பாய் ஃபெயிலான நாள்

ஆம்பூர் டேனரி வேலையை விட்டுவிட்டு, பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். நான் விட்ட ஒன்பதாவது வேலை அது. எதிரே ஆடிட் பாய் வந்தார். சொந்த இதயத்தையே ஏமாற்றிப் பாஸாக்கிய மனிதர் பாலாற்றின் இரு கரையிலும் அவர் ஒருவர்தான்.

அதே டேனரியில் டிரம் ஓட்டுபவர். ஆளுயரத்தைத் தாண்டிய மரப் பீப்பாய் சுற்றச் சுற்ற உள்ளே தோல் பதமாகும். தோல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் டேனரியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும் நாளில் தரையைக் கழுவி, எல்லோருக்கும் கையுறை மாட்டி, இருமலைக்கூட அடக்கச் சொல்வார். பெயர் அப்படி வந்தது.

கொஞ்ச நாளாக மயங்கி விழுந்துகொண்டிருந்தார். காரணம் தெரியும்வரை டிரம் பக்கம் வரக்கூடாதென்று முதலாளி கேட்டில் உட்கார வைத்துவிட்டார். வேலூர் ஆஸ்பத்திரியில், இதயத்துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பதியும் சின்னப் பெட்டி ஒன்றை உடம்பில் மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

"பாஸ், தம்பி! ஒரு தப்பு இல்ல!" அந்தப் பெட்டி தந்த ரிப்போர்ட்டை உயர்த்திக் காட்டினார். அடுத்த நொடி என் பை மேலேயே சரிந்தார்.

அவர் கண் விழித்ததும் கேட்டேன். "பெட்டி மாட்டியிருந்தப்ப இன்னா பண்ணீங்க பாய்?"

"ஆடிட்டுன்னா இன்னா பண்ணுவோம்? வெள்ளச் சட்ட போட்டு, கட்டில்ல ஆடாம படுத்துட்டேன். டீ இல்ல, மாடிப்படி இல்ல, வூட்ல சண்டகூட போடல."

"அய்யோ பாய்! அது திருடனப் புடிக்க வந்த போலீசு. நீங்க திருடன ஒளிச்சு வெச்சிருக்கீங்க!"

ஊருக்குப் போவதைத் தள்ளிவைத்து, மறுநாள் அவரை வேலூருக்கு இழுத்துப்போனேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "தினம் எப்படியோ அப்படியே இருங்க" என்று மறுபடி பெட்டியை மாட்டினார். பாய் அப்படியே இருந்தார். பிரியாணியில் கறி கம்மி என்று ஒரு சண்டை. ஷேர் ஆட்டோவில் ஆள் ஜாஸ்தி என்று இன்னொன்று. அந்தச் சண்டையின் நடுவே பேச்சு நின்றது. பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்த என் தோளில் விழுந்தார்.

விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பதிஞ்சிருக்குமாடா?"

பதிந்திருந்தது. "இதயம் நடுநடுவுல சில நொடி நின்னுபோகுது. பேஸ்மேக்கர் வெச்சா சரியாயிடும்" என்றார் டாக்டர்.

"டிரம்மு?"

"ஆபரேஷன் காயம் ஆறட்டும். அப்புறம் ஓட்டலாம்."

பாய் இரண்டு கையையும் தூக்கினார். "ஃபெயிலு! தம்பி, நான் ஃபெயிலு!" வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எந்த ஆடிட்டில் பாஸானபோதும் அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

அட்மிட் ஆகும்போது ஒரே கவலைதான். "எவனாவது என் டிரம்மக் கெடுத்துடுவான்டா."

மறுநாள் காலை, விட்டுவந்த அதே கேட்டுக்குள் பையோடு நுழைந்தேன். பாய் வரும்வரை அந்த டிரம்மை நான் ஓட்டுகிறேன் என்றேன். விட்ட வேலைக்கு நான் திரும்பிப் போனது அந்த ஒரு முறைதான்.