கிழக்கே பார்த்த என்ஜின்

ஒரு நூல் பிசகினாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று அம்பத்தூர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்த ஃபிட்டர் நான். அப்படிப்பட்டவன் ஒரு என்ஜினை நான்கு விரற்கடை கோணலாக, அதுவும் தெரிந்தே மாட்டி, சொந்த மாமனாரை ஏரி நடுவில் வட்டமடிக்க வைத்தேன். எழுபதுகளின் ஆரம்பத்தில் நடந்தது. இன்னும் வீட்டில் என் மானம் திரும்பவில்லை.

கஸ்தூரியை அவள் அப்பாவைக் கேட்காமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டேன். ஒரு வருஷம் கழித்துத்தான் மாமனார் கோவில்பதாகை ஏரிக்கரையில் இருந்த தன் வீட்டுக்குள் எங்களை விட்டார். ஆனால் என்னோடு பேச்சு கிடையாது. "கஸ்தூரி, உன் ஊட்டுக்காரருக்கு ரசம் ஊத்து" என்பார். ரசச் சட்டி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். கஸ்தூரி இல்லாத நேரத்தில் எனக்குச் சொல்ல வேண்டியதை வாசலில் கட்டியிருந்த எருமையிடம் சொல்வார். (அது என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்த வீட்டில் என்னை நேராகப் பார்த்தது அது ஒன்றுதான்.)

இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. அப்பா முகமே தெரியாமல் வளர்ந்தவன் நான். அந்த மனுஷர் வாயால் ஒரே ஒரு தடவை 'மாப்ளே' என்று கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு வருஷம் ஏங்கிக் கிடந்தேன்.

மாமனார் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தார். அந்த வருஷம் ஆகாயத்தாமரை மண்டி, துடுப்பு போட்டால் மாட்டிக்கொண்டது. அப்போதுதான் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். தட்டையான படகு, பின்னால் உயரமான ஸ்டாண்டில் என்ஜின், அதில் பெரிய விசிறி. விசிறி தண்ணீரைத் தொடாமல் காற்றைத் தள்ளியே படகை ஓட்டும். செடி எதில் போய் மாட்டும்? மாமனார் மனசைத் திறக்கும் சாவி கிடைத்துவிட்டது என்று குதித்தேன்.

ஏலத்தில் பழைய மோட்டார் சைக்கிள் என்ஜின் ஒன்று கிடைத்தது. பூந்தமல்லி தச்சர் காசிம் பாய் தேக்கில் விசிறி செதுக்கிக் கொடுத்தார். ஸ்டாண்டு என் பொறுப்பு. இரும்பு ஆங்கிளில் நாலு கால், குறுக்கே சட்டம். படகு மூக்கிலிருந்து வால் நடுவரை நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, என்ஜினை அந்த நூலுக்கு நேராக நிறுத்தினேன். பிறகு தேவைப்பட்டால் என்ஜினை நகர்த்திச் சரிசெய்ய வசதியாக போல்ட் ஓட்டைகளை நீளமாகவே வைத்திருந்தேன். (என் புத்திசாலித்தனம்தான் என்னைக் கவிழ்த்தது.) மாமனார் தூரத்தில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு எருமையிடம், "வேலை தெரிஞ்ச ஆளுதான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை பூஜை. கற்பூரம் ஏற்றும்போது அவர் சொல்லியனுப்பினார்: "கஸ்தூரி, இஞ்சின் கெயக்க பாத்து இருக்கணும்னு சொல்லு." சொல்லிவிட்டு அவள் பொங்கலை இறக்கப் போய்விட்டாள். கரையில் கிடந்த படகின் மூக்கோ கிழக்கிலிருந்து கொஞ்சம் வடக்கே திரும்பியிருந்தது. படகையே திருப்ப நாலு ஆள் வேண்டும். என்ஜினை மட்டும் திருப்ப ஒரு ஸ்பானர் போதும். எதைத் திருப்புவது என்று கேட்டிருக்கலாம். யாரிடம் கேட்பது, எருமையிடமா? போல்ட்டைத் தளர்த்தி, சூரியனைப் பார்த்து என்ஜினைத் திருப்பி முடுக்கினேன்.

காசிம் பாய் தாடியைத் தடவினார். "இன்னா தம்பி, படகு ஒரு பக்கம் பாக்குது, இஞ்சின் ஒரு பக்கம் பாக்குது?"

"தண்ணியில எறங்குனா நேராயிடும் பாய்" என்றேன்.

பூஜை முடிந்து ஆள் கூட்டிப் படகைத் தண்ணீரில் தள்ளினோம். மாமனார் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால். என்ஜின் உறுமியது. படகு ஆகாயத்தாமரை மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது, வட்டமாக. தகரத்தில் வெட்டிய சுக்கானை ஒடித்துப் பார்த்தேன். அது என்னை மதிக்கவில்லை.

முதல் சுற்றில் கரையைக் கடக்கும்போது மாமனார் கத்தினார்: "கஸ்தூரி, உன் ஊட்டுக்காரர்கிட்ட..." அதற்குள் படகு திரும்பிவிட்டது. அடுத்த சுற்றில் கரை வந்ததும் மீதியைக் கத்தினார்: "...நிறுத்தச் சொல்லு!" நான் அவருக்கு மூன்றடி பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். கஸ்தூரி சொல்லட்டும் என்று நானும் காத்திருந்தேன். (வீம்பு அவருக்கு மட்டும்தான் சொந்தமா?) அவள் கரையில் காதில் கை வைத்து, "இன்னா நைனா, கேக்கல" என்றாள்.

மூன்றாவது சுற்றில் அவர் தோள் துண்டு பறந்து, விசிறிக்குள் போய், கந்தலாக வெளியே வந்தது. அவர் முழுசாகத் திரும்பினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ளே, நிறுத்துய்யா!"

அந்த வார்த்தையைக் கேட்டதில் என்ஜினை நிறுத்த மறந்துபோனேன். இன்னொரு சுற்று போனோம்.

ஒருவழியாக நின்றது. ஏரி நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"படகோட சேத்துத்தான்யா திருப்பச் சொன்னேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"நீங்கதான் பேச மாட்டீங்களே, மாமா."

அவர் குனிந்து தண்ணீரின் ஆழத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு, "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். என்ஜினை நேராக்க ஸ்பானரும் இல்லை, துடுப்பும் எடுத்துவரவில்லை. (விசிறி இருக்கும்போது துடுப்பு எதற்கு என்று நான்தான் கரையில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.) வேட்டியை மடித்துக் கட்டி, மார்பளவு தண்ணீரில் இறங்கினார். நானும் எழுந்தேன். "நீ குந்து மாப்ளே, சேறு ஆளை இழுக்கும்" என்று சொல்லி, செடியை விலக்கி விலக்கி என்னைக் கரை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். நான் ராஜா மாதிரி உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் மறுபடி நூல் கட்டினோம். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். படகு நேராக ஓடியது. அவர் பேச்சும் நிற்காமல் ஓடியது, சாகும்வரை. சில நாள் எருமையைப் பார்த்து நான் பெருமூச்சு விட்டதுண்டு.

இப்போதும் எனக்கும் கஸ்தூரிக்கும் சண்டை வந்தால், "உங்கப்பாவை வந்து சாப்பிடச் சொல்லு" என்று மகள் மூலமாகத்தான் தகவல் வரும். மகள் தட்டை வைத்துவிட்டுச் சொல்வாள்: "ரெண்டு பேரும் போய்ப் படகுல குந்துங்க."